ஸ்க்ரோல் சாவில் பிளேடு உடைவதும் தமிழ் எழுத்தின் புள்ளி விழுவதும்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். 16 அங்குல ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் மேசை ரம்பம்) ஒன்று வாங்கி, புது வீட்டு வாசலுக்கு ‘முருகன் இல்லம்’ என்று பெயர்ப்பலகை அறுக்கப் பார்த்திருக்கிறீர்கள். முக்கால் அங்குல ரப்பர் மரப் பலகை. நாலு பிளேடு உடைந்தது, அறுத்த ஓரமெல்லாம் கருகியது, கடைசியில் ன், ல், ம் மூன்றின் புள்ளியும் கழன்று தரையில் விழுந்தது. மிஷின் மட்டமா, மரம் மட்டமா, இல்லை எனக்குத்தான் கை வரவில்லையா என்று கேட்கிறீர்கள். கூடவே, நம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இந்த மிஷின் வைத்திருக்கும் நாலைந்து பேர் ஒன்று சேர்ந்து படங்களையும் கைப்பக்குவத்தையும் பகிர்ந்துகொள்ள என்ன வழி என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மிஷினில் குறையில்லை, மரத்திலும் இல்லை. பிளேடைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். புள்ளி விழுந்தது வேறு கதை. அதற்குக் காரணம் கணினியில் இருந்து அப்படியே எடுத்த எழுத்து. எனக்கு அதில்தான் பேச நிறைய இருக்கிறது, அதனால் அதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் ரப்பர் மரத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்தவன். அங்கே பெரிய ரம்பங்கள். பலகையை உள்ளே விட்டால் நாற்காலிக் கால் வெளியே வரும். அந்தப் பழக்கத்தோடு ஸ்க்ரோல் சாவின் முன் உட்கார்ந்தபோது முதல் வாரத்தில் நானும் ஒரு டஜன் பிளேடு உடைத்தேன். இது தள்ளுகிற மிஷின் இல்லை. தையல் மிஷினில் துணியை விடுகிற மாதிரி பலகையை விட வேண்டும். உங்கள் வீட்டில் தையல் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களை உட்காரவைத்துப் பாருங்கள். என் மனைவி முதல் நாளே என்னைவிடச் சுத்தமாக அறுத்தாள்.

இனி பிளேடு. பெட்டியோடு வந்ததை எடுத்து இரண்டு முனையையும் பாருங்கள். குறுக்கே சின்ன ஆணி மாதிரி ஒரு முள் இருந்தால் அது ‘பின்’ (pin) வைத்த பிளேடு. மாட்டுவது சுலபம், ஆனால் உள்வெட்டுக்கு, அதாவது எழுத்தின் உள்ளே அடைபட்ட இடத்தை வெட்டி எடுக்க, அதை நுழைக்க 5 மி.மீ. அளவில் துளை போட வேண்டும். ‘க’வின் வயிற்றில் அவ்வளவு பெரிய துளை போட்டால் வயிறே மிஞ்சாது. முள் இல்லாத பிளேடுக்கு ஒன்றரை மி.மீ. துளை போதும். உங்கள் மிஷின் ‘பின்’ பிளேடுக்கு மட்டும் என்று செய்ததாக இருந்தாலும், முள் இல்லாததைப் பிடிக்கும் கிளாம்ப் தனியாகக் கிடைக்கும். முதலில் அதை வாங்குங்கள். இரண்டு வகைக்கும் நீளம் 5 அங்குலம்தான்.

பிளேடுக்கு எண் உண்டு: 2/0, 1, 3, 5, 7, 9, 12. எண் ஏற ஏற அகலம் கூடும், பல்லும் பெரிதாகும். நீங்கள் உடைத்த நாலும் மெல்லிசு ரகமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நுணுக்கமான வேலைக்கு மெல்லிய பிளேடு என்று எல்லோரும் எடுப்பார்கள். 6 மி.மீ. பிளைவுட்டுக்கு 1 அல்லது 3 சரி. முக்கால் அங்குல ரப்பர் மரத்துக்கு 5-க்குக் கீழே போகாதீர்கள், 7 இன்னும் நல்லது. ‘ரிவர்ஸ் டூத்’ என்று கேட்டு வாங்குங்கள்: கீழ் முனையில் உள்ள சில பற்கள் மட்டும் மேல் நோக்கி இருக்கும், அதனால் பலகையின் அடிப்பக்கம் சிம்பு சிம்பாகப் பிய்ந்து வராது. மற்ற பற்கள் கீழ் நோக்கி இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மிஷினை நிறுத்திவிட்டு விரலால் கீழிருந்து மேலே மெதுவாகத் தடவுங்கள், பல் பிடிக்கும். சிரிக்காதீர்கள், தலைகீழாக மாட்டிவிட்டு மிஷினைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும்.

இழுவை, அதாவது பிளேடை எவ்வளவு இறுக்கமாக மாட்டுவது என்பது, அடுத்தது. மாட்டிய பிளேடை விரலால் சுண்டினால் ‘டிங்’ என்று மெல்லிய குரலில் பேச வேண்டும். ‘டொப்’ என்றால் தளர்ச்சி. பக்கவாட்டில் விரலால் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் நகரக்கூடாது. தளர்ந்த பிளேடு வளைந்து வளைந்து நடுவில் உடையும், அளவுக்கு மீறி முறுக்கினால் கிளாம்ப் அருகே உடையும். உங்களுடையது எங்கே உடைந்தது என்று பாருங்கள், துண்டே பதில் சொல்லிவிடும். நன்றாக மாட்டிய பிளேடும் கெட்டி மரத்தில் அரை மணி நேரம் ஓடினால் மழுங்கத் தொடங்கும். பிளேடை டஜன் கணக்கில் விற்பதே அதனால்தான். மழுங்கியதை வைத்துக்கொண்டு தள்ளுவதுதான் முக்கால்வாசிப் பேருக்குக் கருகலுக்குக் காரணம். பாக்கிக் கால்வாசிக்கு வேகம். நிமிஷத்துக்கு 400 வெட்டிலிருந்து 1600, 1800 வரை வேகம் மாற்றக்கூடிய மிஷினாக இருந்தால், கெட்டி மரத்துக்கு நடுவாந்திரத்துக்குக் கீழே வையுங்கள். இன்னொரு வித்தை: பலகையின் மேல் பார்சல் ஒட்டும் பளபள டேப்பை ஒட்டிவிட்டு அறுத்தால் கருகல் பெரும்பாலும் நின்றுவிடும். டேப்பின் மேல்பூச்சு பிளேடுக்கு வழுக்கல் கொடுக்கிறது என்கிறார்கள். காரணம் எதுவோ, பலன் கண்கூடு.

நேர்கோட்டில் தள்ளினாலும் பிளேடு ஒரு பக்கமாகவே இழுக்கிறது என்று அடுத்த வாரம் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். பல் வெட்டும்போது ஒரு பக்க விளிம்பில் பிசிறு தங்கிவிடும். அந்தப் பக்கம் கொஞ்சம் கூர் கூடுதல். அதனால் பலகையைச் சில டிகிரி சாய்த்தே விட வேண்டியிருக்கும். மிஷின் கோளாறு இல்லை, பழகிவிடும். மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க மட்டம் எதுவும் வேண்டாம். கனமான துண்டு ஒன்றில் முன்னாலிருந்து கொஞ்சமாக ஒரு வெட்டு போட்டு, துண்டைத் திருப்பி பிளேடின் பின்பக்கம் கொண்டுபோங்கள். பிளேடு அந்த வெட்டுக்குள் தானாக நுழைந்தால் மேசை சரி.

அமெரிக்க மிஷினை மலிவாக வரவழைக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அப்படியே பிளக்கில் செருகினால் மோட்டார் புகையும்.

மரத்துக்கு வருவோம். ரப்பர் மரத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று தோன்றும். பாலை வெட்டத் தெரிந்தவர்கள் நாம், பலகையைப் பற்றி நம் அப்பா தாத்தாவுக்கு அவ்வளவாகத் தெரியாது. 1877-ல் வந்த கன்றுகளின் காலத்து மரம் என்று கோலகங்சாரில் ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள், இங்கிருந்து பக்கம்தான். ஆனால் நூறு வருஷம் இந்த மரத்தை விறகாகத்தான் பார்த்தார்கள். அடுப்புக்குப் போனது, ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூண்டுக்குப் போனது. 25, 30 வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தைத் தளவாடமாக்கலாம் என்று தொழிற்சாலைகள் பெருகியது 1980-களில்தான். காரணம் எளிது: வெட்டிய ரப்பர் மரத்தில் மாவும் சர்க்கரையும் அதிகம். சில நாள் சும்மா கிடந்தால் நீலப் பூஞ்சை பாய்ந்துவிடும், பிறகு பொடிவண்டு வந்து குடியேறும். அறுத்த கையோடு போரான் மருந்தை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்தினால்தான் அது மரம்.

இதை நான் தொழிற்சாலையில் தினமும் பார்த்தவன். பார்த்தும் புத்தி வரவில்லை. செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாற்ற ரப்பரைச் சாய்த்துப்போட்ட தோட்டத்தில் ஒரு நல்ல கட்டை கிடந்தது, விட மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, வெயிலில் காயவைத்து, பேத்திக்கு யானைப் புதிர் ஒன்று அறுத்துக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து அலமாரியில் அந்த யானைக்குக் கீழே கோதுமை மாவு கொட்டினாற்போல வெள்ளைப் பொடி. யானையின் உடம்பெல்லாம் குண்டூசித் துளை. அலமாரிக்கும் பரவுவதற்குள் யானையை எரித்தோம். ஆகவே தோட்டத்தில் சும்மா கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். கடையில் பக்குவம் செய்த பலகையை வாங்குங்கள்.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டுகளை விரல் கோத்தாற்போல இணைத்து ஒட்டிய பலகை. பிளேடு ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு, பசைக்கோட்டைத் தாண்டிப் போகும்போது சட்டென்று வழி மாறும். மெல்லிய வளைவு எதுவும் அந்தக் கோட்டின் மேல் விழாதபடி படத்தை நகர்த்தி ஒட்டுங்கள். ஐந்து நிமிஷ வேலை, அரை நாள் மிச்சம்.

கற்றுக்கொள்ள ரப்பரைவிட நல்ல மரம் ஜெலுத்தோங். ஒரு கன மீட்டர் ரப்பர் பலகை 560-லிருந்து 640 கிலோ வரும், ஜெலுத்தோங் 420-லிருந்து 500-க்குள் நிற்கும். ரேகை நேராக இருக்கும், வெண்ணெய் மாதிரி அறுபடும். அதுவும் பால் மரம்தான். ஒரு காலத்தில் அதன் பாலைச் சூயிங்கம் செய்ய ஏற்றுமதி செய்தார்கள். அந்தப் பால் ஓடிய குழாய்கள் பலகையில் நீளக் கீறல்களாகத் தெரியும். பார்க்க வெட்டுக்காயம் மாதிரி இருக்கும், அதைப் பழுது என்று கடைக்காரர் மலிவாகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கீறல்களுக்கு நடுவே எழுத்தை உட்காரவைக்கலாம்.

மெராந்தி பார்க்க அழகு, மெல்லிய இடத்தில் சிம்பு உடையும். செங்கால் வேண்டாம், அது பாலம் கட்டுகிற மரம். செம்பனைத் தண்டைக் கேட்கவே வேண்டாம். நார் மூட்டை, காய்ந்தால் சுருங்கிக் கோணும். தேங்காய்ச் சிரட்டை அறுக்கலாம், நாற்றம் தாங்கினால். ரெங்காஸ் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: சிவப்பில் கறுப்புக் கோடு ஓடி மயக்கும், அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். பெயர் தெரியாத சிவப்பு மரத்தை யாராவது இலவசமாகக் கொடுத்தால் முதலில் என்ன மரம் என்று கேளுங்கள். எம்.டி.எஃப். (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அறுக்கும்போது முகமூடி கட்டாயம், அதன் தூளோடு பசையும் வரும்.

நம் ஈரத்தில் பிளேடு ஒரு மழைக்காலம் தாங்காது. மைலோ டின்னில் ஒரு பிடி அரிசியோ, பிஸ்கட் பொட்டலத்தில் வரும் உறிஞ்சு பொடியோ போட்டு அதில் வையுங்கள்.

இப்போது புள்ளி.

வெளிநாட்டுக்காரர் படங்களில் எழுத்து அறுக்கும் வித்தைகள் ஏராளம் கிடைக்கும், எல்லாம் ஆங்கில எழுத்துக்கு. ஆங்கிலத்தில் மேலே தனியாக நிற்பது இரண்டே எழுத்தின் புள்ளி, அதுவும் பெரிய எழுத்தில் எழுதினால் போய்விடும். இந்திக்குத் தலைக்கோடு உண்டு, எழுத்தெல்லாம் கொடியில் துணி மாதிரி தொங்கும். தமிழுக்கு இரண்டும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தனித் தீவு. கொம்பு முன்னால் தனியாக நிற்கும், கால் பின்னால் தனியாக நிற்கும், புள்ளி தலைக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். அச்சில் காகிதம் தாங்கும். ரம்பத்துக்குத் தாங்குவதற்கு எதுவுமில்லை. ஏட்டுச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, இடம் பார்த்துப் படித்துக்கொள்வார்கள். குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று காரணம் சொல்வார்கள். நமக்கு ஓலை பொத்துப்போவதில்லை, புள்ளியே போய்விடுகிறது.

என் முதல் முயற்சி தைப்பூசத்துக்கு. மருமகன் காவடியின் முகப்பில் வைக்க ‘வேல் வேல்’ என்று 9 மி.மீ. பிளைவுட்டில் அறுத்தேன். புள்ளி விழக்கூடாதே என்று ‘ல’வின் வலது ஓரத்திலிருந்து வளைந்த காம்பு ஒன்று கொடுத்து அதன் நுனியில் புள்ளியை உட்காரவைத்தேன். பொன் வர்ணம் பூசி, கட்டி, எல்லாம் முடிந்தது. கோயில் வாசலில் ஒரு சின்னப் பையன் சத்தமாகப் படித்தான்: “வேலி வேலி”. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் படித்ததில் தப்பில்லை. வலப்பக்கத்திலிருந்து ஏறி வளைகிற எதுவும் தமிழ்க் கண்ணுக்கு இகரக் கொக்கிதான்.

அதிலிருந்து கற்றது: காம்பு கொடுத்தால் எழுத்தின் நட்ட நடு உச்சியிலிருந்து நேராக, குட்டையாகக் கொடுங்கள். 6 மி.மீ. பிளைவுட்டில் காம்பு 3 மி.மீ.க்குக் குறையக்கூடாது, புள்ளி குறைந்தது அதைப்போல் மூன்று மடங்கு அகலம் இருக்கட்டும். அப்போதுதான் கண் காம்பை மறந்து புள்ளியைப் பார்க்கும். முக்கால் அங்குல ரப்பருக்கு இது ஒத்துவராது. ரேகை படுக்கையாக ஓடும் பலகையில் நிமிர்ந்த மெல்லிய காம்பு ரேகைக்குக் குறுக்கே நிற்கும். கை பட்டால் போச்சு. ‘ா’ காலுக்கும் இதே கதிதான்.

அதைவிட எனக்குப் பிடித்தது பின்பலகை. எழுத்தை அறுத்து, வேறு நிற மரத்தின் மேல் ஒட்டிவிடுங்கள். புள்ளியை மரத்தில் அறுக்கவே வேண்டாம். சோபாவுக்கு அடிக்கிற பித்தளைத் தலை ஆணி இருக்கிறதே, அதை அடித்தால் புள்ளி மின்னும். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) நாலு வீட்டு வாசலில் என் புள்ளி மின்னுகிறது.

பின்பலகை இல்லாமல் காற்றாட நிற்க வேண்டுமென்றால் எழுத்துக்கெல்லாம் அடியில் ஒரு தண்டவாளம் ஓடவேண்டும், மேலே புள்ளிகளைப் பிடிக்க இன்னொன்று. மேலே வெறும் பட்டை ஓட்டினால் சிறைக்கம்பி மாதிரி இருக்கும். கிளந்தான், திரெங்கானு பக்கத்துப் பழைய மலாய் வீடுகளில் காற்று வர ஊடறுத்த செதுக்குப் பலகைகளைப் பாருங்கள், தெபுக் தெம்புஸ் என்பார்கள். கொடியும் இலையும் ஒன்றையொன்று தாங்கி, விழ வேண்டியது எதுவும் விழாமல் நிற்கும். நாம் கொடிக்கு எங்கேயும் போக வேண்டாம். புள்ளியைச் சுற்றிக் கோடு இழுப்பதை வாசலில் தினமும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. ன், ல், ம் மூன்று புள்ளியையும் சுற்றி ஒரு நெளிக் கோலக் கோடு மேலே ஓடி, ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுத் தாங்கட்டும். போன வருஷம் நான் அறுத்ததில் மனம் நிறைந்தது அது ஒன்றுதான்.

எழுத்தைக் குழியாக வெட்டி எடுப்பதாக இருந்தால் சிக்கல் தலைகீழ். புள்ளி வெறும் துளை, பிரச்சினையில்லை. இ, க, ம போன்றவற்றின் வயிறு விழுந்துவிடும். பாலம் விடுங்கள், அதை எங்கே விடுவது என்பதற்கு நான் பார்க்கும் வழி, எழுத்தைக் கையால் எழுதி, சுழி எங்கே தொடங்குகிறது என்று கவனிப்பது. அங்கே விட்ட இடைவெளி கண்ணை உறுத்தாது.

எதுவானாலும் உள்வெட்டை முதலில், நடுவிலிருந்து வெளியே. வெளி ஓரம் கடைசி. மாற்றிச் செய்தால் பிடிக்கப் பலகை இருக்காது.

கூடிப் பழகுவது பற்றி. எங்களில் மூன்று பேர் ஞாயிறு காலையில் கூடுகிறோம், ஒரு நண்பரின் கடை அஞ்சடியில் (கடை முன்னாலுள்ள கூரை போட்ட நடைபாதையில்), கடை திறக்குமுன். செய்து முடித்ததைக் கொண்டுவந்து காட்டுவதால் பெரிய பிரயோசனமில்லை, பாராட்டிவிட்டுக் கோப்பி குடித்துப் போய்விடுவோம். உடைந்ததைக் கொண்டுவரச் சொன்ன பிறகுதான் பேச்சே வந்தது. ஒவ்வொரு படத்தின் முதுகிலும் பென்சிலால் எழுதுகிறோம்: என்ன மரம், எத்தனை மி.மீ., எந்த எண் பிளேடு, எத்தனை உடைந்தது, எந்த முனையில் தவறியது. அடுத்தவர் அதை வாங்கி அறுத்துத் தன் வரியைச் சேர்ப்பார். ஒரு மயில் படத்தின் முதுகில் இப்போது ஏழு வரி இருக்கிறது. அந்த ஏழு வரிக்குத்தான் மதிப்பு, மயில் எல்லோரிடமும் இருக்கிறது.

மயில் என்றதும் ஒரு மனக்குறை. நான் மூன்று இரவு உட்கார்ந்து வரைந்த மயிலை ஒருவர் நகல் எடுத்துப்போய், நூற்றுக்கணக்கில் அறுத்து பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்றார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு பேச்சு: வரைந்தவர் பெயர் ஓரத்தில் இருக்கும், விற்பதானால் அவரைக் கேட்க வேண்டும், பரிசாகக் கொடுப்பதற்குக் கேட்க வேண்டாம். உங்கள் கூட்டத்தில் இதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

சேர்ந்து செய்ய முதல் வேலை வேண்டுமென்றால் பாலர் வகுப்புக்கு எழுத்துப் புதிர். 247-ஐயும் அறுக்கக் கிளம்பாதீர்கள், 12 உயிர் போதும். 3 மி.மீ. பிளைவுட் மூன்றை அடுக்கி, ஓரம் சுற்றி டேப் ஒட்டி, ஒரே மூச்சில் அறுத்தால் மூன்று செட் கிடைக்கும். ‘ஈ’யின் இரண்டு புள்ளியைத் துளையாகவே விடுங்கள், குழந்தை வாயில் போகிற அளவுக்கு எந்தத் துண்டும் வேண்டாம்.

உங்கள் பலகை கெட்டுப்போகவில்லை. கருகலை 120 நம்பர் மணல் தாளால் தேயுங்கள். விழுந்த மூன்று புள்ளியும் கிடைத்தால் எடுத்து வையுங்கள், ஆணிக்கு அளவு பார்க்க உதவும். பின்னால் ஒட்டக் கருஞ்சிவப்பு மெராந்திப் பலகை ஒன்று என்னிடம் மிச்சம் இருக்கிறது, இரண்டரை அடி. ஞாயிறு எட்டு மணிக்கு வாருங்கள், ஆணிப் பெட்டியும் கொண்டுவருகிறேன்.